25 மீட்டரிலேயே மூச்சு இரைக்கிறது, 400 மீட்டர் நீந்துவது எப்படி?

கேள்வி:
வயது 41. சமீபத்தில்தான் நீச்சல் கற்றேன். ஃப்ரீஸ்டைல், அதாவது குப்புறக் கிடந்து கைகளை மாற்றி மாற்றி வீசும் நீச்சல், ஓரளவு வருகிறது. ஆனால் 25 மீட்டர் குளத்தில் மறுமுனையைத் தொடுவதற்குள் இரைக்கிறது. 5 கிலோமீட்டர் நிற்காமல் ஓடுகிறவன் நான், தெம்பு இல்லாமல் இல்லை. 400 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், வேகமும் வேண்டும். எதிலிருந்து தொடங்குவது?

பதில் 1:
பெரியவர்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவள் நான். ஓட்டக்காரர்கள் குளத்துக்கு வந்தால் இதே கேள்வியைத்தான் கேட்பார்கள். உங்கள் நுரையீரலில் குறையில்லை, மூச்சை வெளியே விடுவதில்தான் சிக்கல் இருக்கும். முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டால், தலையைத் திருப்பும் கொஞ்ச நேரத்துக்குள் விடவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். அது முடியாது. கார்பன் டை ஆக்சைடு சேரச் சேர, ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தாலும் திணறும். முகம் உள்ளே போனதுமே மூக்கு வழியாக மெதுவாகக் குமிழி விடுங்கள். தலை திரும்பும்போது இழுப்பது மட்டும்தான் பாக்கியிருக்க வேண்டும்.

அப்புறம் தலை. முன்னால் பார்த்துக்கொண்டே நீந்தினால் இடுப்பும் காலும் தாழ்ந்துவிடும். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தி. தாழ்ந்த காலை இழுத்துப்போவதிலேயே பலமெல்லாம் கரைந்துவிடும். நேர் கீழே, குளத்தின் தரையைப் பாருங்கள். பலமாக உதைக்காதீர்கள். தொடைத் தசைகள் பெரியவை, ஆக்சிஜனை அள்ளிக் குடித்துவிடும்.

பயிற்சிக்கு 25 மீட்டரை 8 தடவை நீந்துங்கள், நடுவில் 30 நொடி ஓய்வு. எட்டாவதுக்கும் முதலாவதுக்கும் ஒரே அளவு நேரம்தான் ஆக வேண்டும். கடைசியில் நேரம் கூடினால் ஆரம்ப வேகம் அதிகம் என்று பொருள். அது கைவந்ததும் ஓய்வை 20, 15 என்று குறையுங்கள். பிறகு 50, பிறகு 100. வாரத்தில் ஒரே நாள் நெடுநேரம் நீந்துவதைவிட மூன்று நாள் கொஞ்சம் கொஞ்சமாக நீந்துவது நல்லது. தண்ணீரின் பிடி கைக்குப் பழக வேண்டுமே!

பதில் 2:
வேகத்துக்கு என் பங்கு. வேகம் இரு மடங்கானால் நீரின் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். அதனால் வெறும் பலத்தால் வேகம் வராது. 25 மீட்டருக்கு எத்தனை கைவீச்சு என்று எண்ணி, ஆன நொடிகளோடு கூட்டுங்கள். 24 வீச்சு, 32 நொடி என்றால் 56. அந்தக் கூட்டுத்தொகை குறைந்துகொண்டே வந்தால் சரியான வழியில் போகிறீர்கள். உடம்பு சூடானதும் 25 மீட்டர் வேகமாக 4 தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் முழு ஒரு நிமிட ஓய்வு.

பதில் 1:
எண்ணிக்கையைக் குறைக்கவே கையை நீட்டி நீண்ட நேரம் சறுக்கிக்கொண்டு போகாதீர்கள், ஒவ்வொரு வீச்சிலும் வேகம் செத்துவிடும். என்னைக் கேட்டால் 200 மீட்டர் நிதானமாக வரும்வரை வேகப் பயிற்சியே வேண்டாம். களைத்த உடம்பு பிழையான அசைவைத்தான் மனப்பாடம் செய்யும்.

கேட்டவர்:
நன்றி. தொடைகளுக்கு நடுவே மிதவை வைத்து நீந்தினால் சுலபமாக இருக்கிறது. அப்படியே தொடரலாமா?

பதில் 1:
சுலபமாக இருக்கிறது என்றால் உங்களுக்குக் கால்தான் தாழ்கிறது, சந்தேகமே இல்லை. மிதவையோடு ஒரு 50, உடனே அது இல்லாமல் ஒரு 50. இடுப்பு மேலே இருந்த அதே நிலையை நினைவில் வைத்து நீந்துங்கள். முழுப் பயிற்சியும் மிதவையோடு வேண்டாம், தோளுக்குப் பாரம் கூடும். தோள் வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். கை தலைக்கு முன்னால் உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போகிறதா என்று யாரையாவது கரையிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள்.