பாஸ்விக், இனாரி பக்கம் போனவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. ஆகஸ்டில் பின்லாந்தின் இனாரிக்கும், அப்படியே நார்வேயின் ஓவ்ரே பாஸ்விக் தேசியப் பூங்காவுக்கும் போக நினைக்கிறோம். நார்வே, பின்லாந்து, ரஷ்யா மூன்றும் கைகோத்துப் பாதுகாக்க முனைந்த காட்டுப் பகுதி அது. ரஷ்யப் பக்கம் போகப்போவதில்லை. மூன்று எல்லைகளும் கூடும் இடத்தில் எல்லைக்கல்லைச் சுற்றி நடந்தாலே குற்றமாம், ரஷ்ய மண்ணில் கால் படுகிறதே!

இனாரியின் சீடா அருங்காட்சியகத்துக்கு ஒரு முழு நாள். ஹெல்சிங்கியில் இருந்த சாமி (அந்த வடபகுதியின் பழங்குடியினர்) மக்களின் பழம்பொருட்கள் 2021-இல் அங்கே திரும்பி வந்துவிட்டன.

கார் இல்லாமல் நார்வேயின் கிர்க்கனெஸ் ஊரிலிருந்து பூங்காவுக்குப் போக முடியுமா? அப்புறம், கலைமான் வளர்க்கும் சாமி குடும்பங்களே நடத்தும் சுற்றுலா ஏதாவது தெரியுமா? அவர்கள் உடையை மாட்டிக்கொண்டு படம் எடுக்கும் ரகம் வேண்டாம். கொசுத் தொல்லை எப்படி என்றும் சொல்லுங்கள்.