கோர்மன்காஸ்ட் வரிசையைக் கூடி வாசித்து முடித்த அனுபவம்

ஆங்கில எழுத்தாளரும் ஓவியருமான மெர்வின் பீக்கின் கோர்மன்காஸ்ட் நாவல் வரிசையை எங்கள் வாசிப்புக் குழு அண்மையில் படித்து முடித்தது. 1946, 1950, 1959 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த மூன்று நாவல்களில் முதல் இரண்டைப் பற்றி எங்களுக்குள் பெரிய வேறுபாடு எழவில்லை. கோர்மன்காஸ்ட் என்ற சிதிலமடைந்துவரும் மாபெரும் கோட்டை, அதன் வாரிசாகப் பிறக்கும் டைட்டஸ், எதற்காக என்று எவரும் அறியாமலேயே நாள் தவறாது நடத்தப்படும் சடங்குகள், சமையற்கட்டிலிருந்து தப்பி வந்து சூழ்ச்சியாலும் கொலையாலும் மேலேறும் ஸ்டியர்பைக் என்று அந்த உலகம் எல்லோரையும் கட்டிப்போட்டது.

கூடி வாசித்ததன் பயனை நான் முழுமையாக உணர்ந்தது, இரண்டாம் நாவலில் வரும் டைட்டஸின் அக்கா ஃப்யூஷாவின் மரணத்தில்தான். வெள்ளம் கோட்டையைச் சூழ்ந்திருக்க, ஜன்னல் விளிம்பில் நின்று அவள் சாவைப் பற்றி எண்ணிக்கொண்டிருக்கிறாள். அப்போது யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அந்த ஓசையில் திடுக்கிட்டுத் தடுமாறி, தலையில் அடிபட்டு நீரில் விழுகிறாள். இது தற்கொலை என்று சிலரும் விபத்து என்று சிலரும் வாதிட்டதால், அப்பகுதியை வரிவரியாக உரக்கப் படித்தோம். சாக வேண்டும் என்ற எண்ணத்துக்கும் அதற்கான முடிவுக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளியிலேயே பீக் அவளைப் பறிகொடுக்கிறார் என்பது புலப்பட்டபோது, சற்று நேரம் எவராலும் பேச முடியவில்லை.

மூன்றாம் நாவலான 'டைட்டஸ் அலோன்' எங்களைப் பிளவுபடுத்தியது. டைட்டஸ் கோட்டையை விட்டு வெளியேறிவிட, கார்களும் விமானங்களும் ஆய்வுக்கூடங்களும் நிறைந்த வேறோர் உலகம் விரிகிறது. அத்தியாயங்களும் மிகச் சிறியவையாகிவிடுகின்றன. அதை எழுதிய காலத்தில் பீக் கடும் நோயுற்றிருந்தார் என்பதும், பதிப்பகம் வெட்டிய பகுதிகளைப் பின்னர் எழுத்தாளர் லாங்டன் ஜோன்ஸ் மீட்டு 1970இல் புதிய பதிப்பு வரச் செய்தார் என்பதும் உண்மை. ஆனால் நாவலின் சிதறலுக்கு நோயை மட்டும் காரணமாகச் சொல்லி நகர்ந்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பீக் 1945இல் பெர்கன்-பெல்சன் நாஜி வதைமுகாமுக்கு ஓவியராகச் சென்று, அங்கே செத்துக்கொண்டிருந்த ஓர் இளம்பெண்ணை வரைந்தவர். அப்படி வரைந்ததன் குற்றவுணர்வைக் கவிதையாகவும் எழுதியவர். அத்தகைய ஒரு முகாமிலிருந்து தப்பி வந்து, அதன் முன்னாள் காவலன் ஒருவனிடமே சிக்கிச் சித்திரவதைப்படும் 'கறுப்பு ரோஜா' என்ற பெண் இந்த நாவலில் வருகிறாள். டைட்டஸ் அவளை மீட்க முனைந்தும் அவள் பிழைப்பதில்லை. கோட்டைச் சுவர்களுக்குள்ளேயே நின்றிருந்தால் இவளைப் பற்றி எழுதப் பீக்குக்கு இடமே இருந்திருக்காது என்று குழுவில் சொன்னேன். இப்போதும் அதே கருத்தில் உறுதியாக இருக்கிறேன்.

வெளியுலகில் கோர்மன்காஸ்டைப் பற்றி எவரும் கேள்விப்பட்டதே இல்லை. டைட்டஸுக்கே தன் நினைவின்மீது ஐயம் வந்துவிடுகிறது. முந்தைய இரு நாவல்களிலும் அந்தக் கோட்டையின் தாழ்வாரங்களில் அவனுடன் நடந்தவர்கள் நாங்கள் என்பதால், அவன் சொல்வது மெய் என்று சாட்சி சொல்லத் துடித்தோம். இறுதியில் மலையருகே வந்து, பீரங்கி முழக்கத்தைக் கேட்டுக் கோட்டை நிலைத்திருப்பதை உறுதி செய்துகொண்டு, அதைக் காணாமலேயே அவன் திரும்பிச் செல்கிறான். ஒருமுறையாவது அவன் எட்டிப் பார்த்திருக்கலாம் என்று தோழி ஒருவர் மிகவும் வருந்தினார். பார்த்திருந்தால் சடங்குகள் அவனை மீண்டும் இழுத்துக்கொண்டிருக்கும் என்பதே நான் அவருக்குச் சொன்ன பதில். அவர் அதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.