இரவுக் கூத்தைப் படமெடுக்க எந்த லென்ஸ்? படத்தில் பட்டை விழாமல் இருக்க என்ன வழி?

செய்யாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடந்துகொண்டிருக்கிறது. இன்னும் ஆறு இரவுகள் மிச்சம் இருக்கின்றன. என்னிடம் இருப்பது கேனான் 1500டி, அதோடு வந்த 18-55 லென்ஸ், பிறகு வாங்கிய 55-250 லென்ஸ். மூன்று இரவுகள் விடிய விடிய எடுத்தேன். நானூறு படங்களுக்கு மேல் சேர்ந்தும், ஐந்து படங்களைக்கூட நல்ல படம் என்று எடுத்துவைக்க முடியவில்லை.

வேஷக்காரர் சுழன்று ஆடும்போது முகம் கலங்கிவிடுகிறது. சரி என்று ஷட்டர் வேகத்தை 1/400 நொடிக்கு ஏற்றினால் படம் இருட்டாகிறது. போதாக்குறைக்குக் குறுக்கே கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை விழுகிறது. துரியோதனனின் முகம் சிவப்புச் சாயத்தைக் கொட்டியதுபோல் இருக்கிறது. கண்ணும் மீசையும் தெரிகின்றன, அரிதாரத்தின் கோடுகள் எதுவும் தெரியவில்லை.

கேமரா கடையில் 70-200 எஃப்/2.8 லென்ஸ் வாங்கச் சொல்கிறார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும். தங்கையின் படிப்புக்கு ஒதுக்கிய பணத்தில் கை வைக்க வேண்டியிருக்கும். என் தாத்தா இதே களத்தில் கர்ணன் வேஷம் கட்டியவர். அவர் வேஷத்தில் இருக்கும் படம் எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. இப்போது ஆடுகிறவர்களுக்காவது அந்தக் குறை இருக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு தவிக்கிறேன்.

ஓவிய ஆசிரியர் எழுதியது:

தம்பி, முதலில் அந்தப் பணத்தைத் தொடாதீர்கள். 70-200 நல்ல லென்ஸ்தான். ஆனால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடை. இரவு பத்து மணியிலிருந்து விடியற்காலை வரை கையில் பிடித்திருந்தால் மூன்று மணிக்கே உங்கள் கை நடுங்கத் தொடங்கும். கூத்தில் மேடைக்கும் நமக்கும் நடுவே இருப்பது நான்கைந்து மீட்டர்தான். அவ்வளவு நீண்ட லென்ஸுக்கு அங்கே வேலையே இல்லை.

உங்களுக்கு வேண்டியது 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸ். எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும். கேனானின் லென்ஸ்களிலேயே விலை குறைந்தவற்றில் ஒன்று. பழையது கிடைத்தாலும் தயங்காமல் வாங்கலாம். உங்கள் 18-55 லென்ஸ் 55இல் எஃப்/5.6க்கு மேல் திறக்காது. இது 1.8 வரை திறக்கும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். 50ஐ எஃப்/2இல் வைத்து ஐஎஸ்ஓ (கேமரா ஒளியை உணரும் அளவு) 1600இல் எடுக்கும் படத்தை, அதே ஷட்டரில் உங்கள் பழைய லென்ஸில் எடுக்க ஐஎஸ்ஓ 12,800 வேண்டும். உங்கள் கேமராவில் 12,800 என்றால் அரிதாரக் கோடும் புள்ளிமழையும் ஒன்றாகக் கலந்துவிடும்.

இனி அந்தப் பட்டை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் மேடை விளக்குகள் பலவும் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. நம் கண் அதைக் கவனிப்பதில்லை. 1/400இல் அந்த அலையின் ஒரு துண்டு மட்டும் கேமராவுக்குள் வருகிறது. ஷட்டரின் திரை படத்தின் ஒரு பக்கத்தைக் கடக்கும்போது விளக்கு பிரகாசமாகவும், மறுபக்கத்தைக் கடக்கும்போது மங்கலாகவும் இருக்கும். அதுதான் பட்டை. 1/100இல் வைத்தால் ஓர் அலை முழுதாக அடங்கும், 1/50இல் இரண்டு. கூத்து இரவில் இந்த இரண்டைத் தவிர வேறு ஷட்டர் வேகத்தை நான் தொடுவதே இல்லை.

1/100இல் சுழலும் ஆட்டம் கலங்காதா என்று கேட்பீர்கள். கலங்கும். சுழலும்போது ஏன் அழுத்துகிறீர்கள்? கண்ணை வ்யூஃபைண்டரில் வையுங்கள், காதை மத்தளத்திடம் கொடுங்கள். சுற்று முடிந்து மத்தளத்தில் ஓங்கி ஓர் அடி விழும். அந்த அடியில் காலை ஊன்றி, புஜக்கீர்த்தி என்னும் தோளணி சிலிர்க்க, ஆட்டக்காரர் ஒரு கணம் நிற்பார். கிரீடத்தின் ஆட்டம்கூட அப்போது அடங்கியிருக்கும். அந்தக் கணத்துக்கு 1/100 தாராளம். அடி விழுந்த பிறகு அழுத்தினால் தாமதமாகிவிடும். விழப் போகிறது என்று உடம்புக்குத் தெரிய வேண்டும். அதற்கு ஒரே வழி, ஓர் இரவின் முதல் ஒரு மணி நேரம் கேமராவை மடியில் வைத்துவிட்டுப் பாட்டைக் கேட்பது. நான் பதினைந்து ஆண்டுகளாக இப்படித்தான் தொடங்குகிறேன். லென்ஸ் வாங்கியதைவிட இந்தப் பழக்கத்தால்தான் என் படங்கள் மாறின.

துரியோதனன் சிவப்புக்கு வருகிறேன். பின்னால் கும்மிருட்டு. கேமரா அந்த இருட்டையும் சேர்த்துச் சராசரி பார்த்துப் படத்தை வெளிச்சமாக்குகிறது. சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்து, அதற்குள் இருந்த கோடுகள் அழிகின்றன. அழிந்ததைக் கணினியிலும் மீட்க முடியாது. 1500டியில் ஸ்பாட் மீட்டரிங் (ஒரு சிறு புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளப்பது) கிடையாது, பார்ஷியல் மீட்டரிங் உண்டு. அதில் நடுவில் இருக்கும் சுமார் பத்து சதவீதப் பரப்பை மட்டும் அளந்து, முழு மேனுவலில் போட்டுக்கொள்ளுங்கள். மேடை வெளிச்சம் இரவு முழுதும் அநேகமாக மாறாது. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வந்து பேசிக்கொண்டிருக்கும் நேரம் உங்கள் சோதனை நேரம். பிறகு சிவப்பு முகம் வரும்போது ஒரு படம் எடுத்து, மூன்று வண்ணங்களும் தனித்தனியாகத் தெரியும் ஹிஸ்டோகிராமை (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) பாருங்கள். சிவப்பு வலது ஓரச் சுவரில் முட்டினால் ஐஎஸ்ஓவை ஒரு படி இறக்குங்கள். ரா கோப்பாகவே (கேமரா சுருக்காத மூலக் கோப்பு) எடுங்கள். உங்கள் கேமராவில் விளக்கொளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் எண்ணை நேரடியாகக் கொடுக்க முடியாது. வண்ணத்தைப் பிறகு திருத்தும் வசதி ராவில்தான் கிடைக்கும்.

ஃபோகஸுக்கு ஒன்பது புள்ளிகள் இருக்கும். நடுப்புள்ளியை மட்டும் நம்புங்கள், இருட்டில் அதுதான் பிடிக்கும். நான்கு மீட்டரில் எஃப்/2 வைத்தால் சுமார் அரை மீட்டர் ஆழம் தெளிவாக இருக்கும். கண்ணில் ஃபோகஸ் வைத்தால் மார்புப்பதக்கமும் கிரீடமும் சேர்ந்தே கிடைக்கும்.

சாளரம் எழுதியது:

ஆசிரியர் சொன்னதோடு ஒன்று. மிர்ரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்கள், சத்தம் வரக் கூடாது என்று திரை அசையாத எலெக்ட்ரானிக் ஷட்டருக்குப் போகிறார்கள். பெரும்பாலான கேமராக்களில் அது சென்சாரை வரிவரியாக மெதுவாகப் படிப்பதால் பட்டை இன்னும் மோசமாகும். மெக்கானிக்கல் ஷட்டரிலேயே எடுங்கள். மத்தளமும் முகவீணைக் குழலும் ஒலிக்கும் இடத்தில் உங்கள் ஷட்டர் சத்தம் யாருக்கும் கேட்காது. சில மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை என்ற கணக்குக்கும் அடங்குவதில்லை. அப்படிப்பட்ட மேடையில் 1/50க்கு இறங்கிப் பாருங்கள்.

மத்தளக்காரர் மகன் எழுதியது:

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கூத்தில் இருக்கிறது. வாத்தியக்காரர்கள் உட்காரும் பெஞ்சின் பக்கத்திலிருந்து சில வார்த்தைகள்.

ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். திரை விலகியதும் எதிரில் ஃபிளாஷ் வெட்டினால் ஆட்டக்காரருக்குச் சில நொடிகள் எதுவும் தெரியாது. தலையில் கனத்த கிரீடம், காலில் சலங்கை, பக்கத்தில் மேடையின் விளிம்பு. என் அப்பாவின் கண் முன்னே ஒருவர் அப்படிக் கால் தவறி விழுந்திருக்கிறார். இதைக் கோபமாகவே சொல்கிறேன்.

முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டிமார்களுக்கு முன்னால் நிற்காதீர்கள். மேடையின் பக்கவாட்டில், பெஞ்சுக்குச் சற்று முன்னால் தரையில் உட்கார்ந்தால் முகம் முக்கால் பக்கம் கிடைக்கும். கிரீடமும் கம்பீரமாகத் தெரியும்.

வேஷம் கட்டும் கொட்டகைக்கு மாலையிலேயே போய்க் கூத்து வாத்தியாரிடம் அனுமதி கேளுங்கள். கேட்டால் மறுப்பது அபூர்வம். ஆனால் முகத்தில் முதல் கோடு போடும்போது சாமி கும்பிடுவார்கள், அப்போது மட்டும் கேமராவைக் கீழே வையுங்கள். பிறகு, எடுத்த படத்தில் ஒன்றையாவது அச்சுப் போட்டுக் கொண்டுவந்து கொடுங்கள். எத்தனையோ பேர் எடுத்துப் போகிறார்கள். கையில் படம் வந்து சேர்ந்தது இரண்டு முறைதான்.

செய்யாற்றங்கரை எழுதியது:

50 எம்எம் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கினேன். நேற்று இரவு முதல் ஒரு மணி நேரம் கேமராவை மடியிலேயே வைத்திருந்தேன். கை துறுதுறுத்தது, ஆனாலும் எடுக்கவில்லை. பிறகு எஃப்/2, 1/100, ஐஎஸ்ஓ 1600. சிவப்பு முட்டியதால் 800க்கு இறக்கினேன். மொத்தம் எழுபது படங்கள், இருபத்தொன்று தேறியிருக்கின்றன! துச்சாதனன் திரைக்கு மேல் கிரீடத்தின் நுனி மட்டும் தெரிய நிற்கும் படம் ஒன்று இருக்கிறது. கீழே சலங்கைக் கால்கள், நடுவில் பழைய துணித் திரை. அதைத்தான் அச்சுப் போடப் போகிறேன்.

இன்னொரு கேள்வி. நாளை மறுநாள் அர்ச்சுனன் தபசு, அதாவது அர்ச்சுனன் தவமிருக்கும் காட்சி. எங்கள் பக்கம் விடியும் நேரத்தில்தான் மரம் ஏறுவார். இந்த எண்கள் அங்கே செல்லுமா?

ஓவிய ஆசிரியர் எழுதியது:

செல்லாது, எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். சூரிய வெளிச்சத்துக்கு அலை கிடையாது, ஷட்டரைத் தாராளமாக 1/500க்கு ஏற்றுங்கள். அதோடு உங்கள் 55-250க்கு வேலை வந்துவிட்டது, அதை மாட்டுங்கள். அடியிலிருந்து எடுத்தால் உள்ளங்காலும் மரமும்தான் கிடைக்கும். முப்பது நாற்பது மீட்டர் தள்ளி, கிழக்கு உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் இடத்தைப் பகலிலேயே பார்த்து வையுங்கள்.

கூட்டத்தால் அந்த இடம் கிடைக்காமல் வானத்துக்கு எதிரே எடுக்க நேர்ந்தால், மேனுவலை விட்டுவிட்டு எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (கேமரா கணிக்கும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) ஒன்று முதல் ஒன்றரைப் படி வரை கூட்டுங்கள். இல்லாவிட்டால் அர்ச்சுனன் கறுப்பு நிழலாகத்தான் விழுவார். பேட்டரி இரண்டு எடுத்துப் போங்கள். இரவெல்லாம் எடுத்துவிட்டுத் தபசின்போது பேட்டரி தீர்ந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். உச்சியிலிருந்து எலுமிச்சையும் பூவும் வீசும்போது ஆட்டக்காரரையே பார்த்துக்கொண்டிருக்காமல், ஒரு முறையாவது 50ஐ மாட்டிக் கீழே திரும்புங்கள். முந்தானையை ஏந்தி மேலே பார்த்துக்கொண்டிருக்கும் பெண்களின் முகங்கள் அங்கே இருக்கும். அவர்களிடம் முன்பே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.