ரோம் கூட்டத்துக்கு மதினி போக வேண்டும், பாஸ்போர்ட்டே இல்லை: எதிலிருந்து தொடங்குவது?

பாம்பன் கரை (கேள்வி):
எங்கள் மதினி கடல்பாசி எடுக்கப் போகிறவர். மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்று நாங்கள் சொல்லும் பாசி வகைகளை எல்லாம் தீவுப் பக்கம் முங்கி எடுப்பார், பெண்கள் சங்கத்தில் முன்னால் நின்று பேசுகிறவரும் அவர்தான். சிறு மீனவர்கள் பற்றிய கூட்டம் ஒன்றுக்கு ரோமுக்கு வரச்சொல்லி அழைப்புக் கடிதம் வந்திருக்கிறது, டிக்கெட்டும் தங்கும் இடமும் அவர்கள் செலவு. கூட்டத்துக்கு இன்னும் நாலு மாசம். கையில் ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், மீனவர் அடையாள அட்டை இருக்கின்றன, படிப்பு எட்டாம் வகுப்பு. அழைப்பு இருந்தாலே விசா வந்துவிடும் என்று ஊரில் சொல்கிறார்கள். ஏஜெண்ட் ஒருவர் விசாவுக்கு நான் உறுதி என்று பெரிய தொகை கேட்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மண்டபம் தெற்கு:
தம்பி, விசாவுக்கு யாரும் உறுதி கொடுக்க முடியாது, முடிவு தூதரகத்தின் கையில். அந்த ஏஜெண்டை இன்றைக்கே விடுங்கள். முதல் வேலை பாஸ்போர்ட், அதிலும் முதல் வேலை பெயர். ஆதாரில் நம் ஊர்ப் பெண்களுக்குப் பெயரும் ஒரு இனிஷியலும்தான் இருக்கும், ஒன்றில் அப்பா இனிஷியல், இன்னொன்றில் வீட்டுக்காரர் இனிஷியல். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட மாட்டார்கள், விரித்துத்தான் எழுத வேண்டும். ஆதார், பாஸ்புக், பள்ளி டிசி மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பெயரின் எழுத்தும் பிறந்த தேதியும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், ஒத்துப்போகாவிட்டால் விண்ணப்பிக்கும் முன்பே திருத்திவிடுங்கள். நமக்கு மதுரை மண்டல அலுவலகம். 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், தட்கல் என்றால் மேலே 2,000. போலீஸ் விசாரணைக்கு அழைத்தால் மதினி கரையில் இருக்க வேண்டும், அந்த வாரம் தீவுப் பக்கம் போகவேண்டாம் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

கீழக்கரை ஹாஜா:
எட்டாவது என்றால் பாஸ்போர்ட்டில் இசிஆர் (ECR), அதாவது குடியேற்ற அனுமதி பார்க்க வேண்டும் என்ற குறிப்பு, விழும். பயப்பட ஒன்றுமில்லை. அது சவுதி, குவைத், மலேசியா மாதிரி 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கான கட்டுப்பாடு, இத்தாலி அந்தப் பட்டியலில் இல்லை, கூட்டத்துக்குப் போவது வேலைக்குப் போவதும் அல்ல. ஆனால் விமான நிலையத்தில் இமிகிரேஷனில் எங்கே, எதற்கு என்று கேட்பார்கள், வளைகுடா வழியாக மாறிப் போகும் டிக்கெட் என்றால் கூடுதலாகக் கேட்கலாம். அழைப்புக் கடிதமும் திரும்பி வரும் டிக்கெட்டும் கையிலேயே இருக்கட்டும், பெட்டிக்குள் வேண்டாம். இன்னொன்று, குடும்பப் பெயர் இடத்தைக் காலியாக விட்டுப் பெயரை ஒற்றைப் பெயராக்கிவிடாதீர்கள். 2022 நவம்பரிலிருந்து ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் வருகிறவர்களை அமீரகம் உள்ளே விடுவதில்லை. எங்கள் தெருவில் எத்தனையோ பேர் இதற்காக மறுபடி பாஸ்போர்ட் எடுத்தார்கள்.

பாம்பன் கரை:
நன்றி அண்ணே. சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு எதுவும் மதினியிடம் கிடையாது. அதற்கு என்ன காட்டுவது? அப்புறம் ஒரு பெரிய கவலை, கைரேகை. பாறையிலும் கடலடிப் பவளப் பாரிலும் பாசி பிய்த்துப் பிய்த்து, துணி சுற்றிக்கொண்டு இறங்கினாலும் விரல் நுனியெல்லாம் தேய்ந்து கீறல் விழுந்து கிடக்கிறது. ரேஷன் கடை மிஷினிலேயே பல தடவை விழாது.

தங்கச்சிமடம் அக்கா:
சங்கத்துப் பெண்களின் காகித வேலையெல்லாம் நான்தான் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். அழைப்பு என்பது விசா இல்லை, ஆனால் விசாவுக்கு அதுதான் முதுகெலும்பு. பாஸ்போர்ட் வந்த கையோடு அதில் உள்ளபடியே பெயர், பாஸ்போர்ட் எண், தேதிகள், யார் என்ன செலவு ஏற்கிறார்கள் என்பதைப் போட்டுப் புதுக் கடிதம் கேளுங்கள், தயங்காதீர்கள், கூட்டம் நடத்துகிறவர்களுக்கு இது வழக்கமான வேலை. எடுக்க வேண்டியது ஷெங்கன் விசா, அதாவது இத்தாலியும் சேர்ந்த பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா, பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து 15 நாள் முன்பு வரை விண்ணப்பிக்கலாம். சாதாரணமாக 15 நாளில் முடிவு வரும், சந்தேகம் வந்தால் 45 நாள் வரை இழுக்கும், அதனால் 45 என்றே கணக்குப் போடுங்கள். விண்ணப்பம் கொடுக்க விசா மையத்தில் நேரம் வாங்கவே நாளாகும். கட்டணம் 90 யூரோ, அந்த மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும், கிளம்பும் நாள் முதல் அங்கிருந்து வெளியேறும் நாள் வரை ஒரு நாள்கூட விடுபடக் கூடாது.

சம்பளச் சீட்டு இல்லை என்று ஒடுங்கிப் போகாதீர்கள். அவர்கள் பார்ப்பது இந்த அம்மா திரும்பி வருவாரா என்பதைத்தான். மீனவர் அட்டை, சங்க உறுப்பினர் கடிதம், குழுவின் கடன் புத்தகம், பாசி விற்ற பணம் வரவு வைத்த பாஸ்புக், பிள்ளைகளின் பள்ளிச் சான்று, வீட்டு வரி ரசீது, எல்லாம் அதற்குத்தான். பாஸ்புக்கில் புதிதாகப் பெரிய தொகை போட்டு நிரப்ப வேண்டாம், அதுதான் சந்தேகத்தை எழுப்பும். மாதம் 12 நாள்தான் கடலில் இறங்குவது என்று நம் பெண்களே கட்டுப்பாடு வைத்துப் பாசியைக் காத்தார்களே, அதை ஒரு பக்கத்தில் சங்கத் தலைப்பில் எழுதி இணையுங்கள். எதற்காக இவரைக் கூப்பிட்டார்கள் என்று அந்த அதிகாரிக்குப் புரிய வேண்டும்.

கைரேகைக்கு அந்தக் கட்டுப்பாடே உதவும். கடலில் இறங்காத நாட்களின் கடைசியில் சென்னை மையத்தில் நேரம் வாங்குங்கள், அதுவரை இரவில் தேங்காய் எண்ணெய் தடவட்டும், போகிற அன்று மட்டும் எண்ணெய்ப் பசை இல்லாமல் கழுவிவிட வேண்டும். பத்து விரலும் கேட்பார்கள், எத்தனை விழுகிறதோ அத்தனையை எடுக்க விதி இருக்கிறது, எடுக்கவே முடியாதவர்களுக்கு விலக்கும் உண்டு. அதற்காகத் திருப்பி அனுப்பினால் பேசாமல் வந்துவிடாமல் மேலாளரைக் கேளுங்கள்.

மண்டபம் தெற்கு:
அக்கா சொன்னதோடு ஒன்று. திரும்பி வரும் டிக்கெட்டைக் கூட்டம் முடிந்து ஓரிரு நாளிலேயே போடச் சொல்லுங்கள், சுற்றிப்பார்க்க ஒரு வாரம் சேர்த்தால் அந்த நாட்களுக்குச் செலவு யாருடையது என்று தனியாகக் காட்ட வேண்டிவரும். மதுரைக்குப் போக ஆள் துணை வேண்டுமென்றால் நான் வருகிறேன், நாள் கிடைத்ததும் சொல்லுங்கள்.