பார்லி வயலில் சதுரம் தெரிந்தால் அது பிக்ட் இடுகாடா?

கழுகுக்கண்:
ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் வான்படத்தில், கல்லறையைச் சுற்றி வெட்டிய சதுரச் சுற்றுப்பள்ளங்கள் கூட்டமாகத் தெரிந்தால், அது அங்கே வாழ்ந்த பழங்குடிகளான பிக்ட் மக்களின் கி.பி. 5-7ஆம் நூற்றாண்டு இடுகாடுதான். ஒவ்வொன்றையும் தோண்டிப் பார்த்துத்தான் சொல்லணும் என்பது வெட்டிச் செலவு.

மண்வெட்டி:
சதுரம் காலம் சொல்லாது நண்பரே. இங்கிலாந்தின் கிழக்கு யார்க்‌ஷயரிலும் இதே சதுரம்தான். அவை கி.மு. காலத்தவை, தேரோடு புதைத்ததும் உண்டு. படத்தில் எப்படிப் பிரிப்பீர்கள்?

கழுகுக்கண்:
மூலையைப் பாருங்கள். யார்க்‌ஷயர் பள்ளம் பெரும்பாலும் விடாமல் சுற்றிவரும். பிக்ட் சதுரங்கள் பலவற்றில் மூலையை வெட்டாமல் விட்டிருப்பார்கள், நாலு தனிக்கோடுகள். நெஸ் ஏரிக்கு மேலே கார்பெக்கில் உழவு படாததால் கல்லறை மேடுகளே நிற்கின்றன. அங்கும் மூலையில் இதே இடைவெளி.

மண்வெட்டி:
உழாத நிலத்தில் சரி. உழவு கொண்டுபோன வயலில் பள்ளத்தின் அடி ஒரு சாண் மிஞ்சினாலே பெரிது. மூலையில் மட்டும் ஆழம் குறைவாக வெட்டியிருந்தால் அது முதலில் அழியும், இல்லாத இடைவெளி படத்தில் தெரியும். இன்னொன்று, ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் லூனன் விரிகுடாவின் ரெட்காசிலில் 1997-98இல் தோண்டியபோது சதுரம், வட்டம், பள்ளமே இல்லாத கல்லறைகள் எல்லாம் ஒரே இடத்தில் வந்தன. பள்ளம் இல்லாததை வானிலிருந்து யார் பார்ப்பது?

ஈரமண்:
ரெண்டு பேரும் மண்ணை மறந்துட்டீங்க. பள்ளத்தில் நிரம்பிய மண் ஈரம் பிடிக்கும். மழை பொய்த்த ஜூலையில் சரளை மேல் நிற்கும் பார்லி மஞ்சளாகும்போது, பள்ளத்தின் மேல் மட்டும் பச்சை நிற்கும், அதுவும் கொஞ்ச நாள்தான். உருளைக்கிழங்கு வயலில் தேடாதீங்க. களிமண் எங்குமே ஈரம் பிடிப்பதால் வித்தியாசம் எளிதில் தெரியாது. 1976, 2018 மாதிரி வறண்ட கோடை வந்தால்தான் புல்வெளி கூட வாய் திறக்கும். ஆகவே வரைபடத்தில் புள்ளிகள் குவிந்த இடம் பிக்ட் மக்கள் குவிந்த இடம்னு எடுத்துக்காதீங்க. சரளையும் பார்லியும் சேர்ந்த இடம், அவ்வளவுதான்.

கழுகுக்கண்:
அதை ஏற்கிறேன். ஆனால் தோண்டி என்ன கிடைக்கும்? அமில மண் எலும்பைத் தின்றிருக்கும்.

மண்வெட்டி:
ஸ்காட்லாந்தின் டாரடேலில் 2019இல் எலும்பு போன பிறகும் உடல் கிடந்த தடம் கறையாக மண்ணில் இருந்தது. காலம் கணிக்கக் கரித்துண்டு வேண்டும். பள்ளத்தின் மேல்மண் கரி எங்கிருந்தோ வந்து விழுந்திருக்கும், அதைத் தொடாதீர்கள். ஓக் கரியும் வேண்டாம், முதிர்ந்த மரத்தின் உள்வளையம் காலத்தை நூறு ஆண்டுகூடப் பழையதாகக் காட்டிவிடும். அடிமண்ணில் கிடைக்கும் மெல்லிய சுள்ளிக்கரி போதும். முழு இடுகாட்டையும் கிளற வேண்டாம்: ஒரு சதுரம், அதன் நடுக்குழி, பக்கப் பள்ளத்தின் குறுக்கே ஒரு மீட்டர் வெட்டு.

கழுகுக்கண்:
அந்த ஒரு மீட்டரை மூலையில் போடுங்கள். இடைவெளி வெட்டாமல் விட்டதா, உழவு தின்றதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.