எலும்பு முறிவோட கேஷுவாலிட்டிக்கு வந்தவங்க: உங்க மனசை விட்டுப் போகாத ஒரு கேஸ் சொல்லுங்க

வெண்ணாற்றங்கரை நர்ஸ்:

தாலுகா ஆஸ்பத்திரி, நைட் டூட்டி. மதகு மேலேர்ந்து வாய்க்கால்ல குதிச்சு விளையாடுற வயசுப் பையன். கையை ஊன்றி விழுந்திருக்கான், முழங்கைக்குக் கொஞ்சம் மேல முறிவு. சூப்ராகான்டைலர்தான், பசங்களுக்கு அடிக்கடி வர்றது. ஆனா விழுந்தது முந்தாநாள். நடுவுல எங்கேயோ கொண்டுபோய் மூங்கில் பத்தை வச்சு, முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் தடவின துணியால கட்டியிருந்தாங்க. அது காய்ஞ்சு ஓடா இறுகிக் கிடந்துச்சு.

"ராத்திரி பூரா அழுதான் சிஸ்டர். உடைஞ்ச கை வலிக்கத்தானே செய்யும்னு இருந்துட்டோம்"னு அவங்கம்மா சொன்னாங்க. விரல் அஞ்சும் உப்பி, தோல் பளபளன்னு, பாதி மடங்கி இருந்துச்சு. நடுவிரலைப் பிடிச்சு, ஒரு இம்மி, அவ்வளவுதான் நிமிர்த்தினேன். அந்தப் புள்ள போட்ட சத்தம் வார்டு வரைக்கும் கேட்டுச்சு. முறிஞ்சது முழங்கைகிட்ட. நான் தொட்டது விரலை. முழங்கையை யாரும் அசைக்கவே இல்லை.

கத்தரியால கட்டைத் தோல் தெரியுற வரைக்கும் வெட்டினோம். மணிக்கட்டுல நாடி கிடைச்சுச்சு. நாடி இருக்கேன்னு டூட்டி டாக்டர் ஆறுதல்படலை. தசைக்குள்ள அழுத்தம் ஏறும்போது முதல்ல நசுங்குறது பொடி ரத்தக்குழாய்ங்கதான், பெரிய நாடி ரொம்ப நேரம் துடிச்சுக்கிட்டே இருக்கும்னு சொல்லிக்கிட்டே ரெஃபரல் சீட்டை எழுதினார். மெடிக்கல் காலேஜ்ல அந்த அழுத்தம் இறங்க முன்கையை நீளமாக் கீறித் திறந்துவிட்டாங்க. கை மிஞ்சுச்சு. விரல் நிமிரலை. பேனா பிடிக்கிற கை அது.

பைலட் சீட்டுக்குப் பின்னாடி:

நான் 108-ல டெக்னீஷியன். நாகை ரோட்டுல, ரோட்டுப் பாதியை அடைச்சு நெல்லு காயப்போட்ட இடத்துல ஒரு பைக் சறுக்கி, எதிர்ல வந்த லோடு வண்டியில மோதியிருந்துச்சு. நாங்க போறப்போ அந்த அண்ணன் ரோட்டோரம் உட்கார்ந்து தெளிவாப் பேசிக்கிட்டு இருந்தாரு. சுத்தி நின்னவங்க அவரைக் குண்டுக்கட்டாத் தூக்கி ஷேர் ஆட்டோவுல திணிக்கப் பார்த்தாங்க. வெளியில ரத்தமே இல்லை. "எனக்கு ஒண்ணுமில்ல தம்பி, இடுப்புதான் லேசா வலிக்குது. வூட்டுக்கு ஒரு போனு போட்டுக் குடு, கொட்டாயில மாட்டைப் புடிச்சுக் கட்டச் சொல்லணும்"னாரு. போனை நீட்டின கையில நாடி பிடிச்சேன். ஓடுது ஓடுதுன்னு ஓடுது. உதடு வெளுத்திருந்துச்சு.

இடுப்பெலும்பு. உள்ளுக்குள்ளயே லிட்டர் கணக்குல ரத்தம் கொட்டுற இடம். தொடை எலும்பு ஒண்ணு முறிஞ்சாலே ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் உள்ள இறங்கிடும். பெரியவங்க உடம்புல மொத்தமே 5 லிட்டர் சொச்சம்தான். இடுப்பை அமுக்கியோ ஆட்டியோ பார்க்கக் கூடாது. லேசா உறைய ஆரம்பிச்ச ரத்தம் அதுலயே கலைஞ்சு மறுபடி கொட்டும்.

பைண்டர், அதாவது இடுப்பைச் சுத்தி இறுக்குற பட்டை, போடத் துணி தேடினப்போ, கூட்டத்துல நின்ன ஒரு பெரியவர் தன் வேட்டியை அவுத்துக் குடுத்துட்டு, துண்டைக் கட்டிக்கிட்டாரு. அதைப் பட்டையா மடிச்சு இடுப்புக்கு அடியில விட்டு, தொடை மேல்பக்கம் வெளியில கையில தட்டுப்படுற எலும்பு மேட்டு மட்டத்துல இறுக்கி முடிஞ்சேன். வயித்து மட்டத்துல கட்டினா பிரயோஜனமில்லை. ரெண்டு முட்டியையும் சேர்த்து ஒரு கட்டு. முடிச்சை இறுக்கும்போது "ஹப்பா"ன்னாரு. வலி குறைஞ்ச "ஹப்பா" அது. வண்டியில போற வழியெல்லாம் மாட்டைப் பத்தியேதான் பேசினாரு. பேச்சு குழற ஆரம்பிச்சப்போ ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துட்டோம். பொழைச்சுக்கிட்டாரு.

ரோட்டுல நெல்லு கொட்டுறவங்க இதைப் படிக்கணும்.

மூன்றாம் தலைமுறை:

முதல் பதிவுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் தாத்தா, அப்பா இருவரும் எலும்பு வைத்தியர்கள். அந்தப் பையனுக்கு நடந்தது கொடுமை, மறுக்கவில்லை. ஆனால் நாட்டுக் கட்டு என்றாலே கை போய்விடும் என்கிற மாதிரி எழுத வேண்டாம். அப்பா கட்டுப் போட்டால் விரல் நகத்தை அமுக்கி, ரத்தம் திரும்பிச் சிவக்கிறதா என்று பார்க்காமல் ஆளை எழுப்ப மாட்டார். முழங்கைக்கு மேல் முறிந்த குழந்தையைத் தொடவே மாட்டார், நேரே பெரியாஸ்பத்திரிதான்.

ஒருமுறை திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஓர் ஆத்தாவைக் கட்டிலோடு தூக்கிவந்தார்கள். அப்பா வேனுக்குள் ஏறவில்லை, வாசலில் நின்றபடியே பார்த்தார். ஒரு கால் கட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. "இது தொடைக் கழுத்து. எண்ணெய்க்கும் கட்டுக்கும் அடங்காது. தஞ்சாவூருக்கு விடுங்க." நான்கு வார்த்தைதான். "இவ்ளோ தூரம் நம்பி வந்தோம், தொட்டுக்கூடப் பார்க்கலையே" என்று அந்த மகன் கோபப்பட்டதும், அப்பா எதுவும் பேசாமல் வேன் கதவைச் சாத்தியதும் இன்னமும் கண்ணில் நிற்கிறது.

மாவுக்கட்டும் இறுகும். ஆஸ்பத்திரியில் முழு மாவுக்கட்டுப் போட்டு அனுப்பி, வீக்கம் ஏறி, ராத்திரியோடு ராத்திரியாக உடைத்த கதைகளும் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்திருக்கின்றன.

வெண்ணாற்றங்கரை நர்ஸ்:

உங்கப்பா மாதிரி எல்லாரும் இருந்தா நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன் தம்பி. மாவுக்கட்டும் இறுகும், சரிதான். அதனாலதான் புது முறிவுக்கு முழுசாச் சுத்தாம, ஒரு பக்கம் மட்டும் ஸ்லாப் வச்சு அனுப்புறோம். நகம் சிவக்குறதை மட்டும் நம்பாதீங்கன்னு அப்பாகிட்ட சொல்லுங்க. அந்தப் பையனுக்கும் நகம் சிவந்துச்சு. விரலை நீட்டிப் பார்க்கணும், வலி எந்த அளவுன்னு கேட்கணும்.

பேராவூரணி தென்னந்தோப்பு:

இப்போது எலும்பு சிகிச்சைப் பிரிவில் இருக்கிறேன். கஜா அடித்தது 2018 நவம்பர் 16, அப்போது பயிற்சி மருத்துவர். புயலுக்குப் பிந்தைய வாரங்களில், விழுந்த தென்னையை அறுக்கப் போனவர்கள்தான் வரிசையாக வந்தார்கள். வளைந்து கிடக்கும் மரத்தை அறுத்ததும் அடிமரம் நிமிரும், தூர் உருளும்.

ஒரு தொழிலாளிக்குக் கணுக்காலுக்கு மேல் முறிவு. வெளியே தெரிந்த புண் சுண்டுவிரல் நக அளவுகூட இல்லை. அதில் யாரோ காபித்தூளை அப்பியிருந்தார்கள். சின்னப் புண்தானே, தையல் போட்டுவிடலாம் என்று கூட வந்தவர்கள் அவசரப்படுத்தினார்கள். வெளிப்புண்ணோடு சேர்ந்த முறிவை, அதாவது திறந்த முறிவை, தரம் பிரிக்கும் கஸ்டிலோ முறைப்படி 1 செ.மீ.க்குக் குறைந்த சுத்தமான புண் முதல் வகை. ஆனால் வயல் மண்ணும் சாணமும் பட்ட புண் என்றால் அளவே பார்க்க வேண்டாம், அது மூன்றாம் வகை. சீனியர் அப்படித்தான் எழுதினார். உடனே ஆன்டிபயாடிக், டி.டி. ஊசி, ஈரத் துணி மூடல், கால் அசையாமலிருக்க ஸ்பிளிண்ட். அவ்வளவும் முடிந்த பிறகுதான் எக்ஸ்ரே.

தியேட்டரில் அந்தச் சின்ன வாயைப் பெரிதாகத் திறந்து சலைன் ஊற்றிக் கழுவினோம். ஒரு பாட்டில், இரண்டு பாட்டில், தண்ணீர் தெளிந்துவிட்டது. அப்போது எலும்பின் இரு முனைகளுக்கும் நடுவிலிருந்து ஒரு தேங்காய் நார் எட்டிப் பார்த்தது. சீனியர் இடுக்கியால் பிடித்து இழுத்தார். அது வந்துகொண்டே இருந்தது, என் நடுவிரல் நீளத்துக்கு. பின்னாலேயே கறுப்பாக ஒரு துளி சேறு. மறுபடியும் சலைன் கேட்டார். மூன்றாம் வகைக்கு 9 லிட்டர் வரை என்று பாடத்தில் படித்திருந்தது ஏன் என்று அங்கே நின்றபோது புரிந்தது. வெளியில் தைத்து மூடியிருந்தால் அந்த நார் உள்ளே கிடந்து காலைத் தின்றிருக்கும்.

ஆறு மணி நேரத்துக்குள் தியேட்டருக்குள் போயாக வேண்டும் என்று பலரும் இன்னமும் சொல்கிறார்கள். எல்லாத் திறந்த முறிவுக்கும் அந்தக் கணக்கு இல்லை. சேறு, சாணம் பட்டது காத்திருக்கக் கூடாது. மற்றதற்கு முதல் மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போய்விட்டால், கைதேர்ந்த சர்ஜன் வரும்வரை சில மணி நேரம் பொறுக்கலாம். ஊசி போடாமல் ரெஃபர் பண்ணுவதுதான் என்னைக் கோபப்படுத்துகிறது. காலை வைத்துக்கொள்வதா எடுப்பதா என்று தீர்மானிக்க உலகம் முழுக்கப் பயன்படும் மதிப்பெண் முறைகளில் ஒன்று கோவை கங்கா மருத்துவமனையில் உருவானது. 14க்குள் இருந்தால் காப்பாற்றப் பார், 17ம் மேலும் என்றால் எடுப்பதை யோசி என்பார்கள். நம் ஊர் ரோட்டிலும் வயலிலும் நசுங்கிய கால்களைப் பார்த்துப் பார்த்து எழுதிய கணக்கு அது.

கடைமடை விவசாயி:

ஆம்புலன்ஸ் தம்பிக்கு. ரோட்டுல நெல்லு கொட்டுறது ஆசைக்கா? கொள்முதல் நிலையத்துல 17 சதவீதத்துக்கு மேல ஈரம் இருந்தா எடுக்க மாட்டாங்க. அறுக்குற நேரத்துல மழை. ஊருக்கு ஒரு களம், அதுலயும் பாதி பேந்து கிடக்கு. நெல்லு முளைச்சுப் போச்சுன்னா வருசம் பூரா போச்சு. களம் கட்டிக் குடுக்கச் சொல்லி எழுதுங்க, கூடச் சேர்ந்து நானும் கையெழுத்துப் போடுறேன்.

எனக்கும் ஒண்ணு இருக்கு. எங்க தெருவுல கதிரடிக்கிற மெஷின் பெல்ட்டுல ஒருத்தருக்கு ரெண்டு விரல் துண்டாப் போச்சு. மீன்காரர்கிட்ட ஐஸ் வாங்கி, விரலை அதுக்குள்ளயே நேரா புதைச்சு எடுத்துட்டு ஓடினாங்க. அங்க டாக்டர் டப்பாவைத் திறந்து பார்த்துட்டு மூடிட்டாரு. விரல் வெள்ளையா விறைச்சுப் போயிருந்துச்சு.

அதனால எல்லாரும் தெரிஞ்சுக்கணும். துண்டான விரலைக் கழுவுறேன்னு டெட்டால் ஊத்தக் கூடாது. சுத்தமான துணியைச் சலைன்லயோ நல்ல தண்ணியிலயோ நனைச்சுப் பிழிஞ்சு அதுல சுத்தணும். ஓட்டையில்லாத பிளாஸ்டிக் கவர்ல போட்டு வாயைக் கட்டணும். அந்தக் கவரைத்தான் ஐஸ் தண்ணிக்குள்ள வைக்கணும், ஐஸ் நேரா தோல்ல படவே கூடாது. இப்படி வச்சா விரல் 12 மணி நேரத்துக்கு மேலயும் தாங்கும். கையோ காலோ முழுசாப் போனா அவ்வளவு நேரம் கிடையாது, தசை இருக்கு பாருங்க, 6 மணி நேரம்னு ஓடணும். விரல் போன இடத்துல அழுத்திப் பிடிச்சாலே பெரும்பாலும் ரத்தம் நிக்கும், கயிறு போட்டு முறுக்காதீங்க. மோதிரம் இருந்தா வீங்குறதுக்குள்ள கழட்டிடுங்க. மெஷின் வச்சிருக்கிறவங்க பெல்ட்டுக்குத் தகர மூடி போடுங்க. பவர் டில்லர் கேஜ் வீல்ல சேறு சிக்கினா வண்டியை அணைச்சுட்டு எடுங்க. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கிட்டு ஏறுங்க. சொல்லிக்கிட்டே இருக்கேன் எங்க ஊர்ல, யாரும் கேக்குறதில்ல.

பைலட் சீட்டுக்குப் பின்னாடி:

அய்யா, களம் வேணும்னு நானும்தான் சொல்றேன். அதுவரைக்கும் ராத்திரியில குவியல் மேல கறுப்புத் தார்பாய் போட்டு, ஓரத்துக்குக் கருங்கல்லு வைக்காதீங்க. அந்தக் கல்லுல ஏறி விழுந்தவங்களைத்தான் நாங்க அதிகமாத் தூக்குறோம். இன்னொண்ணு, செலவுக்குப் பயந்து ஆளை வீட்டுக்குக் கொண்டு போறவங்க இன்னமும் இருக்காங்க. இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 டிசம்பர்லேர்ந்து இருக்கு. ரோட்டு விபத்துன்னா முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, திட்டத்துல சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலயும் காசு கேக்க மாட்டாங்க.

குத்தாலம் மல்லி:

எங்க வீட்டுக்காரர் டி.வி.எஸ்.ஸோட கன்னி வாய்க்கால்ல விழுந்தார். முட்டி பக்கவாட்டுல கோணி, அவரே இழுத்து நேராக்கிக்கிட்டாராம். முதல்ல போன இடத்துல எக்ஸ்ரே எடுத்து, எலும்பு உடையலை, சதைப்பிடிப்புதான்னு மாத்திரை குடுத்தாங்க. வெளியில வந்து ஆட்டோ ஏறும்போது செருப்பு மாட்டிவிட்டேன். அந்தக் கால் மோர்ப்பானையைத் தொட்ட மாதிரி இருந்துச்சு. இன்னொரு கால் சூடா இருக்கு. வீட்டுக்குப் போகலை, வேற ஆஸ்பத்திரிக்குத் திருப்பச் சொன்னேன்.

அங்க இருந்த சின்ன வயசு டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்க்கவே இல்லை. ரெண்டு புறங்காலிலயும் ரெண்டு கை விரலை ஒரே நேரத்துல வச்சுக் கண்ணை மூடிக்கிட்டாங்க. ரொம்ப நேரம். கண்ணைத் திறந்து, "எப்ப விழுந்தார், மணி சொல்லுங்க"ன்னாங்க. முட்டி முழுசா விலகித் தானா உள்ள போயிருக்கு, பின்பக்கம் ஓடுற ரத்தக்குழாய் அறுந்திருக்கும்னு சொல்லி, அவங்களே போன் போட்டு, மேல் ஆஸ்பத்திரியில ஆளைத் தயாரா நிக்க வச்சாங்க. நல்ல கால்லேர்ந்து ரத்தக்குழாய் எடுத்துப் போட்டு ஓட்டம் கொண்டு வந்தாங்க. கால் இருக்கு. ஆனா நாத்து பறிக்கத் தண்ணியில நின்னா சாயங்காலம் கால் வீங்கிடுது, கெண்டைக்கால் கனக்குதுங்கிறார். இது இப்படித்தான் இருக்குமா?

பேராவூரணி தென்னந்தோப்பு:

அக்கா, காலைத் திறந்து ஆபரேஷன் செய்தவர்களுக்கு நின்றால் வீக்கம் வருவது உண்டு, ராத்திரி கால் உயர்த்திப் படுத்தால் வடிந்துவிடும். வடியாமல் நின்றாலோ, நடந்தால் கெண்டைக்கால் பிடித்து, நின்றதும் வலி விட்டாலோ, பாதம் மறுபடி சில்லிட்டாலோ தள்ளிப் போடாதீர்கள், ஒட்டுப்போட்ட குழாயில் ஓட்டம் எப்படி இருக்கிறது என்று டாப்ளர் வைத்துப் பார்த்துவிட வேண்டும். சிகரெட், பீடி இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு, ஆபரேஷன் செய்த அதே பிரிவின் ஓ.பி.க்கே போங்கள்.