"டிஸ்ஹார்ட்டன்" என்பதற்கு "அதைரியப்படுத்து" பொருந்துமா?

கயல்:
நீச்சல் பயிற்சியாளர் ஒருவர் தம் மாணவனுக்கு ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்தைத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன். பையனுக்குப் பதினாறு வயது. 100 மீட்டர் பந்தயத்தில் கடைசியாக வந்திருக்கிறான். அவனைத் தேற்றும் வரியில் "டிஸ்ஹார்ட்டன்" என்ற சொல் வருகிறது. "இந்த முடிவு உன்னை அதைரியப்படுத்த விடாதே" என்று எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். பையன் தண்ணீரைக் கண்டு பயந்துவிட்டதுபோல் ஒலிக்கிறது. அவன் பயப்படவே இல்லை. மற்றவர்கள் கரையேறிய பிறகும் கண்ணாடியைக் கழற்றாமல், சுவரைப் பிடித்தபடி தண்ணீரிலேயே நின்றிருந்தான் என்று அதே கடிதத்தில் இருக்கிறது. அந்த நிலைக்கு நம்மிடம் என்ன சொல் இருக்கிறது? "டிஸ்கரேஜ்" என்பதும் இதுவும் ஒன்றுதானா? என் கையிலுள்ள அகராதி இரண்டுக்கும் ஒரே பொருளைத் தருகிறது.

நெடுவழி:
"மனம் தளரச் செய்" போதும். நான் எப்போதும் அப்படித்தான் எழுதுகிறேன்.

பழைய மெய்ப்பாளர்:
நெடுவழி சொன்னது சரி. ஆனால் கயல் கேட்டதில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

வேரைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். "டிஸ்ஹார்ட்டன்" என்பதற்குள் இதயம் வெளிப்படையாகவே நிற்கிறது. "டிஸ்கரேஜ்" என்பதற்குள் இருக்கும் "கரேஜ்" பழைய பிரெஞ்சு வழியாக வந்தது; அதன் அடியில் இருப்பது இதயத்தைக் குறிக்கும் "கோர்" என்ற லத்தீன் சொல். புழக்கத்தில்தான் இரண்டும் பிரிகின்றன. டிஸ்கரேஜ் இரண்டு வேலை செய்யும். ஒன்று, மனத்தைத் தளர்த்துவது. மற்றொன்று, ஒரு செயலைச் செய்யவிடாமல் தடுக்கப் பார்ப்பது. புகைபிடிப்பதை டிஸ்கரேஜ் செய்கிறோம் என்றால் அங்கே யாருடைய மனமும் நோகவில்லை. அந்த இடத்தில் "ஊக்கம் கெடுக்கிறோம்" என்று எழுதினால் பிழை. "ஃப்ரம்" சேர்ந்து வந்தால் பெரும்பாலும் இந்தத் தடுக்கும் பொருள்தான். டிஸ்ஹார்ட்டன் தடுக்காது. அதன் வேலை முழுவதும் மனத்தின்மேல்தான்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் பெயர்த்த முதல் கட்டுரையின் ஓரத்தில், மூத்தவர் ஒருவர் சிவப்பு மையில் "இது உனக்கு வராது" என்று எழுதித் தந்தார். அழுத்தி எழுதியதில் மை அடுத்த தாளிலும் ஊறியிருந்தது. மொழிபெயர்க்காதே என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. வேலையும் போகவில்லை. எனக்கு அவரிடம் பயமும் கிடையாது. ஆனாலும் எட்டு மாதம் நான் ஒரு வரி பெயர்க்கவில்லை. தாளை எடுத்து வைப்பேன், கை ஓடாது. டிஸ்ஹார்ட்டன் என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஊறிய மைதான் நினைவுக்கு வருகிறது.

தமிழில் இதற்குப் படிகள் உண்டு. மனம் தளர்ந்தவர் திரும்ப எழுந்துவிடுவார். மனம் ஒடிந்தவருக்கு நாளாகும். மனம் உடைவது பெருந்துயரம். உங்கள் பையனுக்கு முதல் படியே பொருந்தும். இந்த இடத்தில் வள்ளுவரையும் நினைத்துக்கொள்கிறேன். "உள்ளம் உடைமை உடைமை" என்ற 592ஆம் குறளில் உள்ளம் என்பதற்கு ஊக்கம் என்றே பரிமேலழகர் உரை சொல்கிறார். இதயத்தின் பெயரே துணிவுக்கும் பெயரானது அங்கே. உள்ளத்தின் பெயரே ஊக்கத்துக்கும் பெயரானது இங்கே. இதைக் கண்டுகொண்ட நாளில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

இன்னொன்று: "முடிவு உன்னை" என்று தொடங்காதீர்கள் அம்மா. தமிழில் தளர்கிறவன் அவன். அவனையே எழுவாயாக வையுங்கள்.

கயல்:
மிக்க நன்றி ஐயா. அந்த எட்டு மாதத்தைப் படித்தபோது மனம் கனத்தது. மறுபடி எழுத வைத்தது எது? கடிதத்தின் முடிவில் அணி முழுவதும் "டிமாரலைஸ்" ஆகிவிட்டது என்றும் வருகிறது. அதற்கும் இதே சொல்லைப் போடலாமா?

ஆழி:
அதற்கு "மன உறுதி குலைந்துவிட்டது" என்று போடுங்கள். கூட்டமாகப் போராடுகிறவர்களுக்கு, குறிப்பாகப் படைக்கும் அணிக்கும், பொருந்தும் சொல் அது. பழைய நூல்களைப் பெயர்க்கும்போது மட்டும் கவனம் தேவை. அமெரிக்க அகராதியாளர் நோவா வெப்ஸ்டர், பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி 1794இல் வெளியிட்ட சிறுநூலில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். அப்போது அதன் பொருள் ஒழுக்கத்தைக் கெடுப்பது. மன உறுதியைக் குலைப்பது என்பது பின்னால் வந்து சேர்ந்தது.

பழைய மெய்ப்பாளர்:
ஆழி சொன்னதை வழிமொழிகிறேன். கயல், என்னை எழுத வைத்ததும் ஒரு வரிதான். வேறொருவர் அதே கட்டுரையைப் படித்துவிட்டு, "மூன்றாம் பத்தி நன்றாக வந்திருக்கிறது, மற்றதையும் அப்படிச் செய்" என்றார். அன்றிரவே உட்கார்ந்து திருத்தினேன்.

கயல்:
வரியை இப்படி முடித்திருக்கிறேன்: "கடைசியாக வந்ததை நினைத்து மனம் தளர்ந்துவிடாதே. முதல் ஐம்பது மீட்டரில் உன் கைவீச்சு சரியாக இருந்தது; மீதியையும் அப்படி நீந்து." இரண்டாம் வாக்கியம் கடிதத்திலேயே இருக்கிறது, ஐயா. நான் சேர்த்ததில்லை.